மோட்டார் சைக்கிளும் உரத்த ஹார்னும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்மவர் பழமொழி. பெரியதொன்று தெருவில் வருமாயின் அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வரவேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். மாட்டு வண்டிக்குக் கழுத்துச் சலங்கை இருந்தது. ஜட்கா வண்டிக்காரன் சாட்டைக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் வைத்துக் கடகடவென்று ஓசை எழுப்பிக்கொண்டு சென்றான். பின்னர்ப் பஸ்களிலும் லாரிகளிலும் பித்தளைக் குழலும் ரப்பர்ப் பந்துமாக ஒரு ஹார்ன் வந்தது. இவை யாவும் செய்த பணியை இன்று ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் ஒரு சிறு மின்சார ஹார்ன் செய்து வருகிறது.

அந்தச் சிறு ஹார்ன் போதவில்லை என்பது நம் இளைஞர் பலருடைய குறை. அலுவலகத்திற்கும் ஆலைக்கும் நாள்தோறும் நெடுந்தூரம் வண்டியோட்டிச் செல்லும் அவர்கள், கடைக்குச் சென்று கண்ணிற் பட்ட உரத்த ஹார்னை வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சிலருக்கு அதனால் நன்மை விளைகிறது. சிலருக்கோ ஓரிரு மாதத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது, பொத்தான் தீய்ந்துவிடுகிறது, போலீஸாரிடம் அபராதச் சீட்டும் கிடைக்கிறது. ஆகவே, ஹார்னை எவ்வாறு திருத்துவது, எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது, அது நம்மை எவ்வளவு தூரம் காக்கும் என்பவற்றை வண்டி வைத்துள்ள குடும்பத்தார் அனைவரும் அறியும்படி இங்கே விளக்க முற்படுகிறேன்.

குறையில் நியாயம் உண்டா?

நியாயம் இல்லாமல் இல்லை. 100 சி.சி. வகுப்பைச் சேர்ந்த வண்டிகளில் கம்பெனியார் பொருத்தி அனுப்பும் ஹார்ன் பெரும்பாலும் உள்ளங்கை அளவுள்ள ஒற்றைத் தகட்டு ஹார்னே. முன்னால் செல்லும் காரின் கண்ணாடிகள் குளிர்சாதனத்திற்காக மூடப்பட்டிருக்கின்றன. உள்ளே பாட்டு ஒலிக்கிறது. லாரி ஓட்டுநரோ தம் எஞ்சினின் இரைச்சலுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். அவருடைய இடப்பக்கத்தில், கண்ணாடியிற் புலப்படாத இடத்தில் நமது வண்டி நிற்கும்போது அவர் திரும்பத் தொடங்கினால், நாம் அங்கிருப்பதை அவருக்கு அறிவிக்க ஹார்னை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஒரு கணத்தில் ஓசை எட்டவில்லையென்றால் உயிருக்கே அபாயம்.

ஹார்ன் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்கு உலகில் அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 28-ஆம் ஒழுங்குமுறையின்படி, வண்டிக்கு 7 மீட்டர் முன்னால் அளக்கும்போது ஓசை வகுக்கப்பட்ட கீழ் எல்லைக்குக் குறையாமலும் 112 டெசிபெலுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். 7 கிலோவாட் சக்திக்கு மேற்படாத சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் அந்தக் கீழ் எல்லை மற்ற வண்டிகளினும் தாழ்ந்து 83 டெசிபெலாக உள்ளது. சிறு வண்டிகளின் குரல் மெலிந்திருப்பது இயல்பே என்பது இதனால் விளங்கும்.

டெசிபெல் என்பது ஓசையை அளக்கும் அலகு. இதன் கணக்குச் சற்று விசித்திரமானது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 7 மீட்டரில் 93 டெசிபெலாக இருக்கும் ஓசை 14 மீட்டரில் 87 ஆகவும், 28 மீட்டரில் 81 ஆகவும், 56 மீட்டரில் 75 ஆகவும் தேய்ந்துவிடுகிறது. அதன் பிறகு மூடிய கண்ணாடியையும் கடந்து அது ஓட்டுநரின் காதை அடைய வேண்டும்.

ஹார்ன் ஒலிக்கும் விதம்

மருந்து கொடுக்குமுன் உடலின் இயல்பை அறிய வேண்டுமல்லவா? ஹார்னுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதனெதிரே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று ஓரங்களில் இறுக்கிப் பிடிக்கப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தியதும் சுருளில் மின்சாரம் பாய்கிறது. சுருள் காந்தமாகித் தகட்டைத் தன்பால் இழுக்கிறது. தகடு முழுதும் இழுபட்ட மாத்திரத்தில் உள்ளேயுள்ள இரு முனைகள் பிரிந்து மின்சாரம் அறுபடுகிறது. காந்தம் ஒழிகிறது, தகடு தன் பழைய நிலைக்குத் தாவுகிறது. உடனே முனைகள் மீண்டும் கூடுகின்றன, மறுபடியும் இழுப்பு. இவ்வாறு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 400 முறை தகடு அதிர்கிறது. அந்த அதிர்வே நாம் கேட்கும் ஓசை.

தகட்டு ஹார்ன், சங்கு ஹார்ன் என இருவகை உண்டு. முதலாவதில் தகட்டின் முன்னால் மற்றொரு வட்டத் தகடு சேர்ந்து நடுங்குவதால் கூரிய ஓசை பிறக்கிறது. இரண்டாவதில் ஓசை நத்தைக் கூடுபோலச் சுருண்ட குழலுக்குள் சென்று பருத்த குரலாக வெளிப்படுகிறது. கடைக்காரர் ‘விண்ட்டோன்’ என்று கூறுவது இதனையே.

இதிலிருந்து ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளலாம். காந்தத்தின் இழுப்பு மின்சாரத்தைப் பொறுத்தது. போதிய மின்னழுத்தம் வந்து சேராத ஹார்ன் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் ஊமைதான்.

முதற் சிகிச்சை

ஆகவே, புதிய ஹார்ன் வாங்கப் புறப்படுமுன் பழைய ஹார்னுக்கு அதன் உணவு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மல்ட்டி மீட்டர் ஒன்று இருந்தால் போதும். இல்லையேல் அக்கம்பக்கத்து எலெக்ட்ரீஷியனிடம் இரவல் பெறலாம். பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால், நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.5 வோல்ட் காட்டும். அடுத்து, ஒருவர் ஹார்ன் பொத்தானை அழுத்திப் பிடிக்க, முதலில் பேட்டரியின் முனைகளிலும் பிறகு ஹார்னின் முனைகளிலும் அளக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது என்பது திண்ணம். பொத்தானை அழுத்தும்போது பேட்டரியின் அளவே மிகவும் தாழ்ந்துவிடுமாயின் பேட்டரி நலிந்துவிட்டது. முதலில் கவனிக்க வேண்டியது அதனைத்தான்.

வழியில் வீணாகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஹாண்டில்பாரிலுள்ள பொத்தானின் உட்புறச் செம்பு முனைகள் கறுத்திருக்கும். கம்பிகள் சேரும் கிளிப்புகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். சட்டத்தோடு கம்பி சேரும் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். மும்பை, கொல்கத்தா போன்ற மழை மிகுந்த நகரங்களில் இம்மூன்றும் விரைவிலேயே நேரும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, கிளிப்புகளை இறுக்கிப் பொருத்தினால், அமுங்கிக் கிடந்த ஹார்ன் எழுந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

பிறகு ஹார்னின் பின்புறத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். உள்முனைகள் தேயத் தேய, பிரியும் இடம் மாறிவிடுகிறது. அதனைச் சரிப்படுத்தவே இந்தத் திருகாணி. அது நின்ற நிலையை ஒரு கோடிட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு வீதம் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒலித்துப் பார்க்க வேண்டும். தெளிவாகவும் உரக்கவும் ஒலிக்கும் இடத்தில் விட்டுவிடலாம். நடுவில் தகட்டைப் பிடித்திருக்கும் நட்டை மட்டும் தொடலாகாது. அதைத் திருகினால் ஹார்ன் அடியோடு கெட்டுவிடும்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் உப்புத்தாளின் விலையும் அரை மணி நேரமுமே. பல வண்டிகளில் காரியம் இத்துடன் முடிந்துவிடும்.

புதிய ஹார்ன் வாங்குவதெனில்

இவ்வளவும் செய்தும் போதவில்லை, நாள்தோறும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே செல்ல வேண்டியிருக்கிறது என்போர் சங்கு ஹார்ன் வாங்கலாம். தில்லியில் கரோல்பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை ஆகிய இடங்களில் இத்தகைய உதிரிப் பொருள்களுக்கென்றே கடைவரிசைகள் இருப்பதை அவ்வூர் அன்பர்கள் அறிவார்கள். இந்தியா முழுதும் பெயர் பெற்ற விண்ட்டோன் ஹார்ன்களுள் ரூட்ஸ் நிறுவனத்தாருடையவை நம் கோயமுத்தூரில் உருவாவன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வாங்கும்போது, 12 வோல்ட்டுக்குரியதா என்றும், ஐ.எஸ். 1884 என்னும் இந்தியத் தரத்திற்கு ஒத்ததா என்றும், எத்தனை ஆம்பியர் மின்சாரம் கொள்ளும் என்றும் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். விலை மலிவு என்று கருதிப் பெயரில்லாத சரக்கை வாங்குவது உசிதமன்று.

ஒன்று வாங்குவதா, ஜோடியாக வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. இரண்டு ஹார்ன் வைத்தால் ஓசை இருமடங்காகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு ஹார்ன்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். ஜோடியின் பயன் வேறு. ஒன்று ஏறத்தாழ 400 அதிர்வுள்ள தாழ்ந்த சுரமும், மற்றொன்று ஏறத்தாழ 500 அதிர்வுள்ள உயர்ந்த சுரமுமாகச் சேர்ந்து ஒலிக்கும்போது, ஒற்றைச் சுரத்தைக் காட்டிலும் அது கூட்டத்தில் தனித்துக் கேட்கிறது. காரின் ஹார்ன் போலத் தோன்றுவதால் முன்னே செல்வோர் திரும்பிப் பார்க்கின்றனர். சிறிய பேட்டரியுள்ள வண்டிக்கு ஒற்றைச் சங்கு ஹார்னே போதுமானது.

பொருத்தும் முறை

வாங்கிய ஹார்னைப் பழைய ஹார்னின் கம்பிகளிலேயே மாட்டிவிடுவதுதான் இன்று நடைபெறும் தவறுகளில் தலையாயது. பழைய ஹார்ன் ஏறத்தாழ 2 அல்லது 3 ஆம்பியர் கொள்ளும். சங்கு ஹார்ன் ஜோடியோ 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கக் கூடியது. பல சிறு வண்டிகளில் வண்டி முழுமைக்கும் உள்ள பிரதான ஃப்யூஸே 10 ஆம்பியர்தான். மெல்லிய கம்பியும் பொத்தானும் இச்சுமையைத் தாங்கமாட்டாமல் சூடேறுகின்றன, பொத்தான் உருகுகிறது, ஃப்யூஸ் போய் நடுச்சாலையில் வண்டி நின்றுவிடுகிறது. ஃப்யூஸ் போகிறதே என்று அதனிடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்களும் உண்டு. பெட்ரோல் டாங்கின் அடியில் தீ மூட்டிவைப்பதற்கு இது சமானம்.

இதற்குப் பரிகாரம் ரிலே என்னும் சிறு பெட்டி. உள்ளே ஒரு காந்தச் சுருளும் கனத்த முனைகளும் உள்ளன. பொத்தான் சுருளை மாத்திரம் இயக்குகிறது. அதற்கு ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. சுருள் கனத்த முனைகளை மூட, பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கம்பி வழியே ஹார்னுக்கு மின்சாரம் செல்கிறது. அதிகாரியின் கையொப்பத்தைக் கண்டு கிட்டங்கியார் மூட்டையை எடுத்துக் கொடுப்பது போன்றது இந்த ஏற்பாடு.

நான்கு முனை ரிலேயில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஹார்னிலிருந்து கழற்றிய இரண்டு கம்பிகளையும் 85, 86 ஆகிய முனைகளில் சேர்க்க வேண்டும். உள்ளே டயோடு இல்லாத சாதாரண ரிலேயாயின் எது எதில் என்ற பேதமில்லை. பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து புதிய கம்பி ஒன்று புறப்பட்டு, ஒரு ஃப்யூஸைக் கடந்து, 30-ஆம் முனைக்கு வர வேண்டும். 87-ஆம் முனையிலிருந்து ஹார்னின் ஒரு முனைக்குக் கம்பி செல்லும். ஹார்னின் மற்றொரு முனை பேட்டரியின் கழித்தல் முனைக்குத் திரும்பும். ஜோடியாயின் 87-லிருந்து இரண்டுக்கும் கிளை பிரித்துக்கொள்ளலாம்.

ஃப்யூஸ் ஜோடிக்கு 15 ஆம்பியர் போதும். அது பேட்டரிக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். அப்பொழுதுதான் வழியில் கம்பி எங்கே உராய்ந்து சட்டத்தைத் தொட்டாலும் ஃப்யூஸ் போய்த் தீயைத் தடுக்கும். கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள, வண்டிகளுக்குரிய செம்புக் கம்பியாக இருப்பது நலம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட வேண்டும். வண்டியுடன் வந்த கம்பிக் கட்டை எவ்விடத்தும் வெட்டலாகாது; பொருத்தமான கிளிப்புகளைக் கொண்டே சேர்க்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் எரிபொருளை அளந்து கொடுக்கும் மின்னணுக் கருவியும் இதே பேட்டரியை நம்பியிருப்பதால், இவ்விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின் முதலில் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹார்னை மாட்டும் இடமும் முக்கியம். அதனுடன் வரும் வளையும் எஃகுப் பட்டையைக் கொண்டே மாட்ட வேண்டும். சட்டத்தோடு இறுக்கிவிட்டால் குரல் கம்மிவிடும். சங்கின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தங்காது. ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஹார்னோ கம்பியோ எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்குக் காற்று வரும் வழியை மறைக்கலாகாது. சைலன்சர்க் குழாயின் வெப்பம் படும் இடமும் ஆகாது. ரிலேயை அதன் முனைகள் கீழ்நோக்கும்படி, சீட்டின் அடியில் நீர் படாத இடத்தில் கட்டிவைக்கலாம்.

சட்டம் விலக்கியவை

கடைகளில் வேறு சில ஹார்ன்களும் தொங்குகின்றன. காற்றை அடைத்து ஊதும் பிரஷர் ஹார்ன் ஒன்று. நாய் குரைப்பு, குழந்தை அழுகை, ஆம்புலன்ஸ் கூவல் எனப் பல குரல்களில் ஒலிப்பது மற்றொன்று. இவற்றை வாங்கவே கூடாது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி இதனைத் தெளிவாகக் கூறுகிறது. வண்டியின் வருகையைப் போதிய அளவு அறிவிக்கும் ஹார்ன் ஒவ்வொரு வண்டிக்கும் அவசியம். ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹார்னும், அளவு கடந்து கடூரமாகவும் கீச்சென்றும் உரக்கவும் திகிலூட்டும் வண்ணமும் ஒலிக்கும் சாதனமும் பொருத்தலாகாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டு திருத்தம், ஓசைக் கட்டுப்பாட்டை மீறும் வண்டியை ஓட்டுவோருக்கு முதற் குற்றத்திற்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றும், 3 மாதம் லைசென்ஸுக்குத் தகுதியிழப்பு என்றும் வகுத்தது. தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ ஹார்ன் அடிப்பதற்கும், அடிக்கக் கூடாதென்று பலகையுள்ள இடத்தில் அடிப்பதற்கும் முதன்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் என்று அதே திருத்தம் விதித்தது. வெளியூரில் மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்தும் நமக்கு, லைசென்ஸை இழப்பது வேலையையே பாதிக்கக் கூடிய இழப்பன்றோ!

செவியும் அக்கம்பக்கமும்

சட்டம் ஒருபுறமிருக்க, இவ்வளவு பெரிய ஓசை யார் காதில் விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலாளரின் செவியைக் காப்பதற்கு அமெரிக்காவின் தேசியத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கூறும் கணக்கின்படி, 85 டெசிபெல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலுக்கு 15 நிமிடம். 112 டெசிபெலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே. நாள் முழுதும் நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர், நடைபாதையில் காய்கறி விற்கும் அம்மாள் ஆகியோரின் காதுகளில் இந்த ஒரு நிமிடம் எத்தனை முறை நிறைகிறதோ!

இங்கே ஒரு வேடிக்கையான வரலாறு. பெயர் பெற்ற ‘கிளாக்ஸன்’ என்னும் மின்சார ஹார்னை 1908-ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் மில்லர் ரீஸ் ஹட்சிஸன் என்னும் அமெரிக்கர். காது மந்தமானோருக்கான மின்சாரச் செவிக்கருவியை முதன்முதல் செய்தவர்களுள் ஒருவரும் அவரே. செவிக்கருவியை விற்பதற்காகவே ஹார்னைக் கண்டுபிடித்து ஊரைச் செவிடாக்கினார் என்று அவரை நண்பர்கள் பரிகாசம் செய்ததாகச் சொல்வதுண்டு.

2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெலும் இரவில் 45 டெசிபெலும் எல்லை என்று வகுத்துள்ளன. இரவென்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவு அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அம்மண்டலங்களிலும், இரவில் குடியிருப்புப் பகுதிகளிலும், அவசர நிலை தவிர ஹார்ன் அடிக்கலாகாது என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

இரவு வேலை முடிந்து வந்து, சாலின் வாசலில் நின்று, கேட்டைத் திறக்கச் சொல்லிச் சங்கு ஹார்னை முழக்குவது இவ்விதிக்கு மாறானது. அதனினும் முக்கியம், பக்கத்து அறையில் உறங்குபவர் குஜராத்தியரோ மராட்டியரோ வங்காளியரோ, அவருடன் நாம் பல்லாண்டு வாழ வேண்டியிருக்கிறது. ஒருவர் எழுப்பும் ஓசைக்கு அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மதராஸிகளின் வண்டி என்றே சொல்வார்கள்.

ஹார்னின்றி நகரம் நடவாது என்பதும் சரியன்று. மிஸோரம் மாநிலத் தலைநகரான ஐஸ்வாலில், குறுகிய மலைச்சாலைகளில் வண்டிகள் வரிசை கலையாமல், வீண் ஹார்ன் இல்லாமல் செல்வதைக் கண்டோர் வியந்து கூறுகின்றனர். மும்பைப் போலீஸார் ஒரு புதுமை செய்து, அதன் படத்தை 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிட்டனர். சில நாற்சந்திகளில் ஒலி அளக்கும் கருவியைச் சிக்னலுடன் இணைத்தனர். ஹார்ன் ஓசை 85 டெசிபெலைக் கடந்தால் சிவப்பு விளக்கின் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஹார்ன் அடித்தவர்களே அதிக நேரம் நின்றார்கள்.

ஹார்னும் பிரேக்கும்

இறுதியாக, உரத்த ஹார்ன் நம்மைக் காக்குமா என்ற கேள்விக்கு வருவோம். ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு ரயிலின் ஊதலே நினைவுக்கு வருகிறது. லெவல் கிராஸிங்குக்கு முன்னால் தண்டவாளத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறப் பலகை ஒன்று நிற்பதைப் பிரயாணிகள் பார்த்திருக்கலாம். அவ்விடத்தில் ஊத வேண்டும் என்பது ஓட்டுநருக்குக் கட்டளை. காரணம் யாது? வேகமாக வரும் ரயிலை நிறுத்த ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. நிற்கவும் விலகவும் இயலாததனால் அது ஊதுகிறது.

மோட்டார் சைக்கிளின் நிலை அதுவன்று. அது நிற்கவும் கூடும், விலகவும் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. முன்னால் ஒரு குழந்தை ஓடிவரும்போது அந்த ஒரு விநாடியை ஹார்ன் பொத்தானில் செலவிட்டவர், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் 17 மீட்டரை இழந்துவிட்டார். உரத்த ஹார்னைப் பொருத்தியவரிடம் காணப்படும் பெரிய அபாயம் இதுதான்: ஓசை வழிவிடச் செய்யும் என்ற நம்பிக்கையில் வேகம் குறையாமல் போய்விடுகிறார். அந்த ஓசையைக் கேட்டுத் திடுக்கிட்ட கிழவரோ சைக்கிள்காரரோ எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்பதை யாராலும் சொல்ல இயலாது. காது கேளாதோரும் சாலையைக் கடக்கின்றனர் என்பதையும் மறக்கலாகாது.

லாரியின் இடப்பக்கத்தில் நிற்பதைப் பற்றி முன்னர்க் கூறினேன். அவ்விடத்தில் ஹார்ன் கைகொடுக்கும். ஆயினும் அவ்விடத்திற்குச் செல்லாமல் பின்னே தங்கிவிடுவது அதனினும் உறுதியான காப்பு. வளைவிலும், திரும்பும் வண்டியின் அருகிலும், பின்னோக்கி வரும் காரின் பின்னாலும் ஒருமுறை குறுகலாக ஒலிப்பதே ஹார்னின் முறையான உபயோகம். அதற்கு நல்ல நிலையிலுள்ள ஹார்ன் கட்டாயம் வேண்டும். ஹார்ன் ஊமையாகிவிட்ட வண்டியை ஓட்டுவதும் குற்றமே.

ஆகவே, இம்மாதத்து விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள வண்டியை வெளியே நிறுத்தி, முதலில் இரண்டு பிரேக்குகளையும் பரிசோதியுங்கள். பிறகு ஹார்னின் கிளிப்புகளைக் கழற்றிக் களிம்பைத் துடையுங்கள். அதன் பின்னும் குரல் போதவில்லையென்றால், தரமுள்ள ஹார்னை ரிலேயுடனும் ஃப்யூஸுடனும் பொருத்திக்கொள்ளுங்கள். வேலைக்குச் சென்ற பிள்ளை மாலையில் நலமாக வீடு திரும்ப இவை அனைத்தும் துணை செய்யும்.